மேல்பாதைக்குப் பத்தொன்பது

பதினைந்தாம் தேதி கடைசி நாள் என்று
பத்து வருடமாக அச்சிடுகிறேன்.
குருவானவரின் கடிதம் பத்தொன்பதாம் தேதி வரும்.
ஆறு கோயிலுக்கு ஒரே ஆள்,
அவரைச் சொல்லிக் குற்றமில்லை.
அவருக்கென்று ஒரு பக்கம் காலியாகக் காத்திருக்கும்,
எதிர்ப்பக்கத்தில்
கழிவுநீர்த் தொட்டி சுத்தம் செய்பவரின் விளம்பரம்.
வருடச் சந்தாவை ஜனவரியிலேயே கட்டிய
ஒரே மனிதர் அவர்தான்.

நான்கு பங்கு, நானூற்றுப் பன்னிரண்டு வீடு.
பெட்டிகள் வந்திறங்கியதும்
சாப்பாட்டு மேசையில் பிரித்து அடுக்குவோம்.
ஸ்டோக் ஆர்லிக்கு நூற்று நாற்பது,
ஆற்றங்கரைக்கு முப்பத்தாறு,
ரப்பர் பேண்ட், மேலே ஒரு துண்டுச் சீட்டு.
அந்த வாரம் முழுக்க என் கணவர்
மடியில் தட்டை வைத்துச் சாப்பிடுவார்.

மேல்பாதைக்குப் பத்தொன்பது.
அது ஆஸ்மண்ட் டெட்ஸ்டோனின் கட்டு.

மார்ச் இதழில் அவரைக் கொன்றுவிட்டேன்.

சவ அடக்கம் செய்பவரின் பையன்
தொலைபேசியில் சொன்னது,
"டெட்ஸ்டோன். ஓ. டெட்ஸ்டோன்."
மலைக்கு அந்தப் பக்கம்
ஆஸ்வின் என்று ஒரு பெரியப்பா மகன்
இருந்தது எனக்கு எப்படித் தெரியும்?
அன்றிரவே உட்கார்ந்து எழுதினேன்.
நன்றாகவே எழுதினேன், அதுதான் கொடுமை.
இருபத்து மூன்று வருடம்
பனியிலும் சேற்றிலும் இதழ் சுமந்தவர்,
எழுபத்தொன்றில் உழவுப் போட்டியில் முதல் பரிசு,
கடைசிவரை கல்யாணமாகாதவர்.
பிழை பார்க்கும் வெரிட்டி ஸ்கர்ம்
இரண்டு முறை படித்தாள்,
ஒரே ஒரு காற்புள்ளியை எடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை, வழக்கம்போல,
பின்வாசலில் நின்று
பூட்ஸைத் தட்டிக்கொண்டிருந்தார்
காலஞ்சென்றவர்.

எனக்கு வாய் எழவில்லை.
பதினோராம் பக்கத்தைத் திறந்து நீட்டினேன்.
கண்ணாடியை மாட்டி, உதடசைத்து,
முழுதாகப் படித்தார்.
ஒவ்வொன்றிலும் அந்தத் தாளைக் கிழித்துவிடுகிறேன் என்றேன்.
மறுபடி அச்சடிக்கிறேன் என்றேன்,
வங்கியில் தொண்ணூறு பவுண்டை வைத்துக்கொண்டு.
அவர் வானத்தைப் பார்த்தார்.
"மழைக்குள்ள முடிச்சிடறேன்" என்று
கட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

எப்போதும் தபால் துளையில் போட்டுவிட்டுப் போகிறவர்
அன்று எல்லாக் கதவையும் தட்டியிருக்கிறார்.
ஐவி ப்ரோபர்ட்டுக்குச் செய்தி முன்பே எட்டிவிட்டது,
அடக்கத்துக்கென்று கேக் வேகவைத்திருந்தாள்.
இருவருமாக உட்கார்ந்து பாதியைத் தின்றார்கள்.
வைக்கோல் வாங்கிய கடன் நாற்பது பவுண்டை
ஒருவன் எண்ணிக் கொடுத்தான், பயத்தில்.
வேலித் தகராறில் பதினோரு வருடம்
முகம் பார்க்காத லாம்பர்ட் கோட்டிரெல்,
"இதில் பாதி பொய்" என்றாராம்.
மீதிப் பாதிக்கு விஸ்கி ஊற்றினாராம்.

இருட்டிய பிறகு என் வீட்டுக்கு வந்தார்,
தெப்பலாக நனைந்து.

"அந்த உழவுப் போட்டி" என்றார்.
"முதல் பரிசு ஆஸ்வின் வாங்கினது.
நான் இரண்டாவது."

கெட்டில் கொதித்து அடங்கியது.

"திருத்திவிடவா?"

ரொம்ப நேரம் தொப்பியைப் பிழிந்தார்.
"அவன் வேறு பங்கு.
உங்கள் பத்திரிகை அங்கே போகாது" என்றார்.

இறந்தவனுக்கு எங்கள் இதழில்
ஒரு வரிகூட இல்லை என்பது
அவர் போன பிறகுதான் உறைத்தது.

ஏப்ரலில் பெட்டிகள் வந்தன.
மேசையில் பிரித்துக்கொண்டிருந்தேன்.
கதவு நிலையைப் பிடித்தபடி,
என்னைப் பார்க்காமல்,
"போட்டுட்டியா?" என்றார்.

போட்டிருந்தேன்.
ஆஸ்வின் பெயர், ஊர், எழுபத்தொன்று, முதல் பரிசு,
கழிவுநீர்த் தொட்டிக்குக் கீழே நான்கு வரி.

"அப்படின்னா
இருபதாகக் கட்டு."